ரோமாபுரியிலிருந்து வந்த எலும்பு

ரோமாபுரியைப் பார்த்துவிட்டு வந்தவள் என்று மாத்தளை டவுனில் என்னை ரொம்ப நாள் சுட்டிக் காட்டினார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். புனித இடங்களைத் தொட்ட கையாம். நான் இழுத்துக்கொள்வேன். அந்தக் கை அங்கே எதையெல்லாம் தொட்டது என்று தெரிந்திருந்தால் ஒருத்தியும் பக்கத்தில் வந்திருக்க மாட்டாள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் டவுனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். என் கணவர் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கர்; சனி, ஞாயிறுக்குத்தான் வீட்டுக்கு வருவார். அவருடைய மூத்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி விதவை. கணவர் இறந்த பிறகு மிளகும் கொக்கோவும் பாக்கும் வாங்கி விற்கும் கடையைத் தானே நடத்தினார். நாவுலையிலிருந்து மூட்டை ஏற்றி வருகிறவர்கள் அவர் சிங்களத்தில் போடும் சத்தத்தைக் கேட்டே மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நிற்பார்கள்.

மதினிக்கு ஒரே மகள். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கராக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன, மூன்றும் தங்கவில்லை. முதலாவது உயிரில்லாமலே பிறந்தது. மற்ற இரண்டும் சில நாட்கள் இருந்துவிட்டுப் போய்விட்டன. மூன்றையும் தோட்டத்துப் புதைகாட்டில்தான் அடக்கம் செய்தார்கள். மதினி அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை. அடக்கம் நடக்கும் நாளெல்லாம் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கொழும்பிலிருந்து ஒரு யாத்திரைக் குழு ரோமாபுரிக்குப் போகிறது என்று கோயிலில் அறிவித்த அன்றே மதினி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்புள்ள, ரோமாபுரில இங்கிலீசுதானே பேசுவாங்க?"

"இல்ல மதினி. இத்தாலி பாஷ."

"அப்ப நீயும் அங்க ஊமதான். பரவால்ல. ரெண்டு ஊமையும் சேந்து போவோம்."

மகளுக்காக நேர்ச்சை வைத்திருப்பதாகச் சொன்னார். தனியாக அனுப்ப என் கணவருக்கு மனமில்லை. நானும் மறுக்கவில்லை. பாடப் புத்தகத்தில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்த ஊரை நேரில் பார்க்கலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. யாத்திரை என்பது பேர்தான். குழுவிலிருந்த கொழும்பு, நீர்கொழும்புக்காரர்களில் பாதிப்பேர் கேமராவும் புதுச் சப்பாத்துமாகத்தான் வந்தார்கள்.

வழியனுப்ப, ரயில் போகும் வழியில் உக்குவளை ஸ்டேஷனுக்குக்கூடச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மதினியின் கைப்பையில் ஜெபமாலையும், மடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் இருந்தன. டின் நிறைய மாசிக் கருவாட்டையும் செத்தல் மிளகாயையும் வறுத்து இடித்த தூள். "வெள்ளக்காரன் சாப்பாடு நாக்குல வைக்க முடியாது. இது இருந்தா எதையும் முழுங்கிடலாம்" என்றார். அந்தத் தூள் கப்பலிலேயே எங்களைக் காப்பாற்றியது. சோறு என்று அவர்கள் கொடுத்த கூழின் மேல் அதைத் தூவித் தின்றுகொண்டே நேப்பிள்ஸ் போய் இறங்கினோம். அங்கிருந்து ரயிலில் ரோமாபுரி.

தங்குவதற்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி கிடைத்தது. மாடியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. கக்கூஸில் தண்ணீர் கிடையாது. சரசரவென்று ஒரு காகிதம் மட்டும் தொங்கியது. வெறும் பால் டின் ஒன்றில் தண்ணீர் பிடித்துப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன். படியில் எதிரே வந்த சிஸ்டர் அதை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். காகிதத்தால் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிற கூட்டம் என் டின்னைப் பார்த்து மூக்கைச் சுருக்குகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளியல் தொட்டியில் முந்தி குளித்தவளின் அழுக்கு ஒரு வளையமாகப் படிந்திருக்கும், அதில் முடியும் ஒட்டியிருக்கும். நான் வாளி கேட்டேன். தரையைத் துடைக்கிற வாளியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இறைச்சிக் கடைகளில் காலில் ரோமம் உரிக்காத முயல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் ரத்தத்துக்கு அடியில் ஒரு கோப்பை. விடுதியில் மெல்லிசாகச் சீவிய பச்சை இறைச்சியை முலாம்பழத்தோடு வைத்தார்கள். வேகவைக்காத பன்றி என்று தெரிந்ததும் பீங்கானைத் தள்ளி வைத்தேன். மதினி அதையும் தூளில் புரட்டிச் சாப்பிட்டார்.

பஸ்ஸில் ஏறினால் அடுத்த கூத்து. நெரிசலில் என் இடுப்பில் ஒரு கை ஊர்ந்தது. தற்செயலாக இருக்கும் என்று நகர்ந்தேன். கையும் நகர்ந்து வந்தது. தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி ஒரே குத்தாகக் குத்தினேன். திரும்பிப் பார்த்தால், என் அப்பா வயதில் ஓர் ஆள். நல்ல தொப்பி, நல்ல கோட்டு. குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பாப்பரசருடைய பெரிய கோயிலுக்கு எங்களை இரண்டாம் நாளே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே வெண்கலச் சிலை ஒன்றின் பாதத்தை முத்தமிட வரிசை நின்றது. முத்தமிட்டு முத்தமிட்டே பாதத்தின் விரல்கள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. பக்கத்தில் நின்ற ஆள் ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு ஒரு துணியால் துடைப்பான். ஒரே துணி. எல்லார் எச்சிலும் அதில்தான். மதினி குனிந்து மூன்று முறை முத்தமிட்டார். நான் விரலால் தொட்டுவிட்டு நகர்ந்தேன். தொட்ட விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு நடந்தேன்.

பாப்பரசரைக் கதிரையில் இருத்தித் தோளில் சுமந்து கொண்டுவந்தபோது கோயில் என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். கதிரைகள் மேல் ஏறி நின்று கத்தினார்கள், விசிலடித்தார்கள், தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். என் முன்னால் ஒருத்தி சப்பாத்துக் காலோடு என் புடவை மேல் ஏறி நின்றுகொண்டு போட்டோ எடுத்தாள். வெளியே வந்த பிறகு இன்னொருத்தி, எந்த நாட்டுக்காரியோ, ஒரு வார்த்தை கேட்காமல் என் முந்தானையைத் தூக்கி, உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று தன் சிநேகிதிக்குக் காட்டினாள். ஜவுளிக்கடையில் தொங்கும் துணியைப் பார்க்கிற மாதிரி. அவள் கையைத் தட்டிவிட்டேன். "டோன்ட் பி ரூட்" என்று எனக்கே புத்தி சொன்னாள்.

இதற்கெல்லாம் நடுவில்தான் அந்த எலும்புக் கோயிலுக்குப் போனோம்.

அதன் பேரைச் சொல்ல விருப்பமில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெளியே பார்த்தால் சாதாரணக் கோயில். எங்கள் கைடு, "வெரி ஆர்டிஸ்டிக், வெரி பியூட்டிஃபுல்" என்று கையை ஆட்டிக்கொண்டே கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். நிலவறையில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். முதல் அறையைப் பார்த்ததும், யாரோ மண்ணில் பூ வேலை செய்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் அத்தனையும் மனுஷ எலும்பு. செத்த துறவிகளைத் தோண்டி எடுத்துப் பிரித்து, தோள்பட்டை எலும்பைச் சிறகாகவும், முதுகெலும்பைப் பூமாலையாகவும் வைத்து அலங்கரித்திருந்தார்கள். கூரையிலும் சுவரிலும் விரல் எலும்புகளால் நட்சத்திரம். தொங்கின விளக்கும் எலும்பு. மண்டையோடுகளை விறகு அடுக்குவதுபோல் அடுக்கி, நடுவில் அங்கி போட்ட முழு எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். தோல் காய்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது.

ஈரமும் பழந்துணியும் எலி செத்ததும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். எனக்கு முன்னால் நின்ற கொழும்புக்காரர் ஒருவர் தன் மனைவியை அந்த மண்டையோடுகள் பக்கத்தில் நிறுத்தி, "கொஞ்சம் சிரி" என்றார். அவளும் சிரித்தாள். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடி, தெருவோரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தோட்டங்களில் லயத்துக் கூலிச் சனங்கள் செத்தால் ஆறடி மண் கிடைக்கும், அதற்கு மேல் மானாப்புல் முளைக்கும், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். மதினியை மட்டும் காணவில்லை. ஆள் அனுப்பப் பார்த்தபோது மெதுவாகப் படியேறி வந்தார். மடித்த லேஞ்சித் துணி ஒன்றைக் கையில் இறுகப் பிடித்திருந்தார், முகம் வியர்த்திருந்தது.

"உள்ள என்னா செஞ்சீங்க இவ்வளவு நேரம்?"

"ஜெபம் செஞ்சேன்" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் நான் டின்னை எடுக்கக் கை நீட்டியபோது மதினி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் போட்டுத் தர்றேன்" என்று கரண்டியால் மேலாக அள்ளி என் சோற்றில் தூவினார். அடுத்த நாளும் அப்படியே. தூள் குறைந்துவிட்டது, நான் அள்ளித் தின்கிறேன் என்று நினைக்கிறார் போல என எனக்குள் ஒரு சின்னக் கோபம். மூன்றாம் நாள் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யக் குழுவோடு போயிருந்தார். எனக்குத் தலைவலி, அறையில் இருந்தேன். ரொட்டி ஒன்று மிச்சமிருந்தது. டின்னை எடுத்து மூடியைத் திறந்து கரண்டியை ஆழமாக விட்டேன். கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. மாசிக் கட்டி இடிபடாமல் கிடக்கிறது என்று விரலால் எடுத்தேன்.

என் சுண்டுவிரலில் பாதி நீளம். இரண்டு முனையும் உருண்டையாக, நடுவில் ஒடுங்கி, பழுப்பாக இருந்தது. மிளகாய்த் தூள் அதன் பொட்டுப் பொட்டான துளைகளில் ஏறிச் சிவந்திருந்தது. ஒரு முனையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நிலவறையில் பார்த்த நட்சத்திரம் கண் முன்னால் வந்தது. எவனோ ஒரு மனுஷனின் விரல். அதைப் போட்டு வைத்த தூளை மூன்று நாளாக நான் சோற்றில் பிசைந்து தின்றிருக்கிறேன்.

முகம் கழுவும் பேசினில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் நிற்கவில்லை. சோப்பை எடுத்து விரலைத் தேய்த்தேன், நாக்கைக்கூடத் தேய்த்தேன். மதினி அறைக்குள் வந்தபோது டின் திறந்து கிடந்தது. எலும்பு மேசை மேல் ஒரு காகிதத்தில் இருந்தது.

அவர் பதறவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, முதல் வேலையாக எலும்பை எடுத்து லேஞ்சியில் துடைத்தார்.

"இது என்னா மதினி?"

"தெரியாத மாதிரி கேக்குற."

"சாப்பிடற சாமான்ல போட்டு வச்சிருக்கீங்களே! நான் தின்னேனே!"

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு வச்சேன். மிளகாத்தூள்ல பூச்சி வராது. நீ மேலாலதானே சாப்பிட்ட. நான்தானே போட்டேன்."

"இது களவு. கோயில்ல களவெடுத்திருக்கீங்க."

"சொவத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. லேசா இழுத்தேன், வந்துருச்சு. வரணும்னு இருந்துச்சு, வந்துருச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தன சாமியாருங்க இருக்காங்க அங்க. அத்தன பேருல ஒருத்தராச்சும் புனிதரா இருக்க மாட்டாரா? இது அவரோடதா இருந்தா எம்மகளுக்குப் புள்ள தங்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி என்னா நட்டம்?"

அவர் எலும்பை லேஞ்சியில் சுற்றி ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டார். ஊர் வந்து சேரும் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. குளிக்கப் போனாலும் எடுத்து வைக்க மாட்டார். பிறகு டின்னை மூடினார். சாயங்காலம் அதே தூளைத் தன் சோற்றில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் எங்கள் குழுத் தலைவராக வந்திருந்த பாதரிடம் போய்ச் சொன்னேன். ஒரு கேமராக் கடையில் தோல் உறை ஒன்றை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உறையை மோந்து பார்த்தார்.

"அங்க ஆயிரக்கணக்குல கெடக்குதே டீச்சர். ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"திருப்பிக் கொடுக்க வேணாமா, பாதர்?"

"கொடுக்கப் போனா போலீஸ், விசாரணைன்னு நம்ம கப்பலே தவறிப் போயிடும். அந்த அம்மா விசுவாசத்துல செஞ்சிருக்காங்க. நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க." கடைக்காரனிடம் திரும்பி, "ஹவ் மச்?" என்றார்.

மதினி மேல் வந்த அருவருப்பை விட அந்த ஆள் மேல் எனக்கு வந்தது அதிகம். திரும்பி வரும் வழியெல்லாம் கப்பலில் அவர் வைத்த பூசைக்கு நான் போகவில்லை. சாப்பாட்டுக்கு உப்பு மட்டும் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மதினியின் மகள் நாலாம் முறையாக முழுகாமல் இருந்தாள். நாங்கள் புறப்படும்போதே உண்டாகியிருந்தாளாம்; பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மதினி டவுன் நகைப் பத்தரிடம் வெள்ளியில் ஒரு தாயத்துக் கூடு செய்து வாங்கி, உள்ளே தானே எதையோ வைத்து மெழுகால் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து மகளின் இடுப்பில் கட்டிவிட்டார். ரோமாபுரித் திருப்பண்டம், புனிதருடைய பொருள், பெறுகிற வரைக்கும் கழற்றக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூட லீவில் நான் அவளைப் பார்க்கப் போனேன். ரத்தோட்டையில் பஸ் மாறி மேலே ஏற ஏற மூட்டம் ஜன்னலுக்குள் வந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே டீமேக்கர் குவாட்டர்ஸ். அவள் கால் வீங்கி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசினோம். பிறகு திடீரென்று, "அத்த, ஒண்ணு கேட்டா சொல்லுவீங்களா?" என்றாள்.

"கேளு."

"இந்தத் தாயத்துல ஒரு வாசம் அடிக்குது. மாசி வாசம். எனக்கு இப்ப மாசின்னாலே கொமட்டுது. அவருகிட்ட கேட்டா ஒண்ணும் அடிக்கலங்கிறாரு. பிரம்மையா இருக்குமோன்னு பயமா இருக்கு. ராப்பகலா இடுப்புலேருந்து அந்த வாசம் வருது அத்த. உள்ள என்னா இருக்கு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த வாசம் எனக்கும் அடித்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: நிலவறையையும், எலும்பு நட்சத்திரத்தையும், டின்னையும், நான் தின்றதையும்.

அழுவாள் என்று நினைத்தேன். புடவைக்குள் கையை விட்டு முடிச்சைத் தேடினாள். அவிழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொல்லி அவளே வெட்டினாள். கயிறு உரசின இடத்தில் தோல் புண்ணாகியிருந்தது.

"எம்புள்ளைங்க மூணும் அங்க மண்ணுக்குள்ள கெடக்கு" என்றாள். "இது எந்த அம்மா பெத்த புள்ளையோட எலும்போ. எதுக்கு அத்த என் இடுப்புல? செத்ததச் செமந்தது போதாதா எனக்கு?"

அன்றைக்கே புதைத்துவிட வேண்டும் என்றாள். நடக்காதே என்று சொன்னேன், கேட்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து புல் வெட்டும் சொரண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு இருவரும் புதைகாட்டுக்கு மெல்ல நடந்தோம். மானாப்புல் இடுப்பளவு நின்றது. அவளுடைய பிள்ளைகளின் மேடுகள் மூன்றும் ஒரே வரிசையில், சுற்றிலும் கல் வைத்துச் சுத்தமாக இருந்தன. நாலாவதாக நான் ஒரு சின்னக் குழி வெட்டினேன். கூட்டை உடைத்து எலும்பை வெளியே எடுத்தது நான்தான். தொட்டதும் உடம்பு கூசியது. குழிக்குள் போட்டேன்.

"பேரு தெரியலையே அத்த. யாருன்னு சொல்லி ஜெபிக்கிறது?"

"உன் மூத்ததுக்கும் பேரு வைக்கலையே. அதோட சேத்துச் சொல்லு."

மரித்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லி மண்ணைத் தள்ளினோம். ரோமாபுரிக்குப் போய்வந்த பிறகு நான் மனம் ஒப்பிச் சொன்ன முதல் ஜெபம் அது.

மாதம் திரும்பி அவளுக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. நல்ல சத்தமாக அழுதது, பால் குடித்தது, தங்கியது. பார்க்க வந்த மதினி, மகளின் இடுப்பில் தாயத்து இல்லாததைக் கண்டுபிடித்து, வார்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு தைரியம் இருந்தா எடுப்ப நீ?"

"நான் எடுக்கல மதினி. அவதான் வெட்டிப் போட்டா. பாருங்க, அது இல்லாமலே புள்ள நல்லா இருக்கு."

"எப்ப எடுத்தீங்க?"

சொன்னேன். புதைத்த இடத்தையும் சேர்த்துத்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா அதுக்கு முந்தியே அது வேலைய முடிச்சிருச்சு. முடிச்சிட்டுத்தான் எறங்கியிருக்கு" என்றார். கட்டில் கட்டிலாகப் போய் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எலும்பு எங்கே புதைந்திருக்கிறது என்றும் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கச் சில வருடம் ஆனது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் தோட்டத்துக்குப் போனபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துப் புதைகாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

மானாப்புல் மிதிபட்டுப் பாதையாகியிருந்தது. செடிகளில் துணித் துண்டுகள் கட்டியிருந்தார்கள். நாங்கள் போட்ட குழியிருந்த இடத்தில் மெழுகு வழிந்து கட்டியாகி, அதில் ஈயும் எறும்பும் ஒட்டிச் செத்திருந்தன. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, எல்லாரும்தான். இத்தனை வருடமாக எடுத்து எடுத்து அந்த இடம் பள்ளமாகிவிட்டது. அங்கே மண் தீர்ந்துபோய்ப் பக்கத்து மேட்டில் கை வைத்திருந்தார்கள். கடைசிப் பிள்ளையின் மேட்டில் பாதி இல்லை. கல் எல்லாம் ஒதுங்கிக் கிடந்தது. ஒருத்தி அந்த மேட்டிலிருந்து மண்ணைக் கிள்ளி, எச்சிலில் குழைத்து, மடியில் காய்ச்சலோடு கிடந்த தன் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை துப்பியது. அவள் மறுபடியும் விரலால் உள்ளே தள்ளினாள்.

"நிறுத்து!" என்று நான் கத்தினேன். குழந்தையை வாங்கி முந்தானையால் வாயைத் துடைத்தேன். கறுப்பாக வந்தது. "டிஸ்பென்சரிக்குக் கொண்டு போ. இது என்னா தெரியுமா? இவளோட செத்த புள்ளையோட மண்ணு."

அவள் என்னையும் பக்கத்தில் நின்ற தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "மருந்துத் தண்ணி குடிச்சும் காய்ச்சல் நிக்கலீங்க" என்று மட்டும் சொல்லி, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மற்றவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

டீமேக்கர் தோட்டத்துத் துரையிடம் கேட்டுச் சிமெண்ட் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் அவரும் சேர்ந்து மண் நிரப்பி, நாலு மேட்டையும் சேர்த்து ஒரே பலகையாகச் சிமெண்ட் போட்டார்கள். எப்படியோ செய்தி டவுனுக்குப் போய்விட்டது. மத்தியான பஸ்ஸில் மதினி குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தார். புனிதர் வாயை அடைக்கிறீர்கள், குடும்பம் விளங்காது என்று.

மகள் எதிரே போய் நின்றாள். "அம்மா, போதும்" என்றாள். "எம்புள்ளைங்க மண்ணத் திங்குறாங்க அம்மா. நீங்க சொன்ன கதையால."

மதினி குடையைப் புல்லில் போட்டுவிட்டுச் சிமெண்ட் பலகை பக்கத்தில் உட்கார்ந்தார். "எதெது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மகள் குனிந்து கையால் காட்டினாள்: மூத்தது இங்கே, நடுவுள்ளது இங்கே, சின்னது இங்கே.

எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பேசினும், டின்னும், மண் குழைத்த விரலும்தான் வந்தன. மதினி கையை நீட்டிச் சின்னதின் மேல் வைக்கப் போனார். டீமேக்கர் தடுத்தார்.

"ஈரமா இருக்கு அத்த. காயட்டும்."